வெள்ளரிக்கு ஆஸ்பிரின்: ஆறு வாரக் குறிப்பு

பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் ஆறு தொட்டிகளில் வெள்ளரி போட்டிருக்கிறேன். தை பிறந்தால் போதும், இலைகளில் மாவு தூவியதுபோல் சாம்பல் நோய் வந்துவிடும். போன வருடம் ஒரு கொடிகூடத் தப்பவில்லை. இந்த முறை பூஞ்சைக்கொல்லி அடிக்காமல், செடியின் சொந்தக் காவலை முன்கூட்டியே எழுப்பிப் பார்த்தேன்.

1979-இல் ஆர். எஃப். வைட் என்ற ஆய்வாளர் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் கரைசலைச் செலுத்தியபோது, தேமல் வைரஸ் உண்டாக்கும் புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன. ஆஸ்பிரின் சிதைந்தால் கிடைப்பது சாலிசிலிக் அமிலம். நோய் தாக்கும்போது செடி தானே சுரப்பதும் அதைத்தான். பூஞ்சை இலைத்தோலைத் துளைக்க வரும்போது அதன் சுவரிலிருந்து உதிரும் கைட்டின் துணுக்குகளைச் செல்லின் மேலுள்ள ஏற்பிகள் அடையாளம் காண்கின்றன. துளை விழும் இடத்தில் காலோஸ் என்ற கூட்டுச்சர்க்கரைப் பொருளைச் செடி அப்பி அடைக்கிறது. சாலிசிலிக் அமிலம் பெருகியதும் என்பிஆர்1 என்ற புரதம் உட்கருவுக்குள் சென்று காவல் மரபணுக்களைத் தூண்டுகிறது. அப்போது உருவாகும் கைட்டினேஸ் நொதி பூஞ்சையின் சுவரையே அரித்துவிடும். ஓர் இலை அடிபட்டால் தொலைவில் இருக்கும் இலையும் தயாராகிவிடுகிறது என்பதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

முதல் வாரம் அவசரப்பட்டுக் கெடுத்தேன். லிட்டருக்கு இரண்டு 325 மி.கி. மாத்திரை கரைத்ததில் இலை விளிம்புகள் கருகிவிட்டன. பிறகு நான்கு லிட்டருக்கு ஒன்று, வாரம் ஒரு முறை. மூன்று தொட்டிக்கு அது, மூன்றுக்கு வெறும் தண்ணீர்.

நான்காம் வாரம் தண்ணீர்த் தொட்டிகளின் அடியிலைகள் வெளுத்தன. மற்றவற்றில் நோய் ஒரு வாரம் பிந்தி வந்தது. ஆறாம் வாரம் எண்ணியபோது, தண்ணீர்க் கொடிகளில் பத்து இலைக்கு ஏழு வெளுத்திருந்தன. ஆஸ்பிரின் கொடிகளில் மூன்று. வெளுத்த இலை எதுவும் தேறவில்லை. மாத்திரை பூஞ்சையைக் கொல்லாது, செடியை எச்சரிக்க மட்டுமே செய்யும். ஆகவே நோய்க்கு முன்பே தெளிக்க வேண்டும். ஆஸ்பிரின் கொடிகள் அரை அடி குட்டை. காவலுக்குப் போகும் சத்து வளர்ச்சியிலிருந்து வருவதுதான், ஆனால் முதல் வாரக் கருகலும் காரணமாக இருக்கலாம்.

இன்னொரு குறையும் உண்டு: ஆஸ்பிரின் தெளித்த மூன்று தொட்டிகளும் நல்ல வெயிலில் இருந்தன, சாம்பல் நோய்க்கு நிழல்தான் பிடிக்கும். கீழ்வீட்டு அத்தையோ, "புளித்த மோர் தெளித்தாலே போகுமே, தம்பி" என்கிறார். அடுத்த விதைப்பில் ஒன்பது தொட்டிகள்: தண்ணீர், மோர், ஆஸ்பிரின். எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வேன்.