விரிகுடா ஓரத்தில் 66 கிலோமீட்டர்: தொண்டி சைக்கிள் சுற்றுக்குத் திட்டமிட்ட அனுபவம்

மதுரையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குச் சுற்று என்றால் மலையைச் சுற்றுவதுதான். நாகமலையை வலம் வருவோம். அழகர்கோவில் வரை போய்த் திரும்புவோம். கால் பலம் வந்தவர்கள் சிறுமலை ஏறுவார்கள். நானும் ஆறு ஆண்டுகளாக அப்படித்தான் ஓட்டி வருகிறேன். சென்ற மார்கழியில், கடலை ஒட்டி ஒரு சுற்று போக வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டிற்கு வீடு திரும்பிவிட வேண்டும் என்ற எண்ணம் வந்தது. மதுரையிலிருந்து நேர் கிழக்கே போனால் கிடைக்கும் கடல் பாக் விரிகுடா. அதன் எதிர்க்கரை இலங்கை என்பதால் விரிகுடாவைச் சுற்றி வரும் பேச்சுக்கே இடமில்லை. கரையோரச் சாலை ஒரு பக்கமாகவும் உள்நாட்டுச் சாலைகள் மற்ற பக்கங்களாகவும் அமையும் ஒரு வளையத்தைத்தான் தேட வேண்டியிருந்தது.

வரைபடத்தை விரித்து மூன்று இரவுகள் உட்கார்ந்தேன். இராமநாதபுரத்தில் தொடங்கித் தேவிபட்டினம், தொண்டி, திருவாடானை வழியாகத் திரும்பினால் நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. எனக்கும் உடன் வரும் மைத்துனருக்கும் அறுபது, எழுபதுதான் நிதானமான அளவு. கடைசியில் திருவாடானை, தொண்டி, உப்பூர், ஆர்.எஸ்.மங்கலம் ஆகிய நான்கு ஊர்களைச் சேர்த்தபோது ஒரு கோணல் நாற்கரம் கிடைத்தது. திருவாடானையிலிருந்து தொண்டிக்குச் சுமார் 14, தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பூருக்கு 20, உப்பூரிலிருந்து ஆர்.எஸ்.மங்கலத்திற்கு 12, அங்கிருந்து திருவாடானைக்கு 20 என மொத்தம் 66 கிலோமீட்டர் வந்தது. வழியெங்கும் கண்மாயும் வயலும் கருவேலங்காடும் கலந்த சமவெளி. மேடு என்று சொல்லப் பாலங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. மலைச்சாலையில் மூச்சு வாங்கிப் பழகிய எங்களுக்கு இது எளிதாக இருக்கும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் நான் கணக்கில் எடுக்க மறந்தது காற்றை.

ஜனவரி 19, முதல் முயற்சி

இரவு இரண்டே முக்காலுக்குக் காரில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு சிவகங்கை, காளையார்கோவில் வழியாகப் புறப்பட்டோம். திருவாடானை சுமார் நூறு கிலோமீட்டர். ஆதிரத்தினேசுவரர் கோவிலுக்கு அருகில் காரை நிறுத்தி, ஐந்தே காலுக்கு மிதிக்கத் தொடங்கினோம். தொண்டியில் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வலச்சுற்றாகத் திட்டமிட்டிருந்தேன். ஆறு மணிக்கெல்லாம் தொண்டிக் கரையில் நின்றோம். பாக் விரிகுடா ஆழமற்ற கடல். அன்று காலை அலையின் சத்தமே இல்லாமல் நிறைந்த கண்மாய் போலக் கிடந்தது. ஆறரை மணியைத் தாண்டியதும் கட்டியிருந்த நாட்டுப்படகுகளுக்குப் பின்னால் சூரியன் எழுந்தது.

இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழேகாலுக்குத் தெற்கே திரும்பியதும் சைக்கிள் தானாக ஓடியது. மணிக்கு 29, 30 கிலோமீட்டர் வேகம். நம்புதாளை, சோழியக்குடி என்று ஊர்ப்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போயின. சாலை நன்றாக இருக்கிறது, கால்கள் தேறிவிட்டன என்று இருவரும் பேசிக்கொண்டோம். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்ததை இருவருமே உணரவில்லை. வால்காற்று காதில் சத்தம் போடுவதில்லை. அதனால் அது இருப்பதே தெரிவதில்லை.

உப்பூரில் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டுவிட்டு மேற்கே திரும்பியபோது காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கத் தொடங்கியது. நான்காவது கிலோமீட்டரில் பின்சக்கரம் பஞ்சரானது. டியூபை மாற்றிக் காற்றடித்து நூறு மீட்டர் போவதற்குள் மீண்டும் இறங்கிவிட்டது. இம்முறை டயரை முழுவதுமாகக் கழற்றி, உட்புறத்தில் விரல் நுனியை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் சுருக்கென்றது. சீமைக்கருவேல முள் ஒன்று, வெளியே ஒடிந்துவிட்ட நிலையில், ரப்பருக்குள் அரிசி நீளத்திற்குப் புதைந்து, நுனியை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. சாவியின் முனையால் அதை வெளியிலிருந்து நெம்பி எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. அன்று முதல் என் பையில் ஒரு சிறு சாமணமும் இருக்கிறது. அந்தப் பகுதிக்கு டியூபைவிட அது முக்கியம் என்றே சொல்வேன்.

ஆர்.எஸ்.மங்கலத்தை அடைந்தபோது மணி ஒன்பது பத்து. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று சொலவடையில் வாழும் பெரிய கண்மாய் இருக்கும் ஊர். நின்று பார்க்கத் தெம்பில்லை. திருவாடானை நோக்கி வடகிழக்கே திரும்பியதும் காற்று நேர் முகத்தில் அறைந்தது. நிலக்காற்று அடங்கிக் கடல்காற்றும் வாடையோடு சேர்ந்துகொள்ளும் நேரம் அது. கடைசி 20 கிலோமீட்டருக்கு ஒரு மணி இருபது நிமிடம் பிடித்தது. மைத்துனர் ஒரு புளியமரத்தடியில் இறங்கி, "மச்சான், அழகர்கோவில் மலைப்பாதையே தேவலை. அங்க ஏறினா எறக்கம்னு ஒண்ணு வரும்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி.

இடைப்பட்ட இரண்டு வாரங்கள்

வீட்டுக்கு வந்தபின் கணக்குப் போட்டேன். காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உடல் சந்திக்கும் காற்றின் வேகமும் 20தான். எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அது 35 ஆகிவிடும். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்வதால், அதே வேகத்தில் போக மூன்று மடங்கு தடையைத் தள்ள வேண்டும். வால்காற்று ஈடுசெய்யும் என்று நினைத்தால் அதுவும் நடப்பதில்லை. 20 கிலோமீட்டரை 30 வேகத்தில் 40 நிமிடத்தில் கடந்து, அடுத்த 20ஐ 15 வேகத்தில் 80 நிமிடத்தில் கடந்தால், மொத்தம் இரண்டு மணி நேரம். சராசரி 20தான், நாம் மனத்தில் போட்டுக்கொள்ளும் 22.5 அல்ல. எதிர்க்காற்றில் நாம் கழிக்கும் நேரம் எப்போதும் அதிகம்.

ஆகவே சமவெளிச் சுற்றில் மலைக்குப் பதிலாகக் காற்றைத்தான் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று புரிந்தது. ஒரு தாளில் நாற்கரத்தை வரைந்து, வடகிழக்கிலிருந்து அம்புக்குறிகளைப் போட்டேன். தொண்டியில் டீக்கடையில் நின்ற மீனவப் பெரியவர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. "தம்பி, தை மாசத்துல வாடை விடியக்காலம் படுத்திருக்கும். வெயில் ஏற ஏற எந்திரிச்சிரும்" என்றிருந்தார். வலையைப் பற்றிச் சொல்கிறார் என்று நான் கேட்டும் கேளாமலும் இருந்துவிட்டேன்.

அவர் சொன்னதை அம்புக்குறிகளோடு சேர்த்துப் பார்த்தால் விடை எளிது. இடச்சுற்றாகப் போனால் எதிர்க்காற்றுப் பகுதியாகிவிடும் உப்பூர்–தொண்டிச் சாலையை வாடை எழும்பும் முன் கடந்துவிட வேண்டும். வால்காற்றுப் பகுதியான திருவாடானை–ஆர்.எஸ்.மங்கலம் சாலை கடைசியில் வர வேண்டும். அதற்குத் திசையை இடச்சுற்றாக மாற்றினால் மட்டும் போதாது. தொண்டியில் தொடங்கினால் எதிர்க்காற்று கடைசியில் வந்து நிற்கும்; திருவாடானையில் தொடங்கினால் வால்காற்று முதலிலேயே செலவாகிவிடும். தொடங்கும் ஊர் ஆர்.எஸ்.மங்கலமாக இருக்க வேண்டும். இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம், வளையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் தூரத்தையும் சாலையையும் பார்க்கிறோம், திசையைக்கூடச் சிலர் பார்க்கிறார்கள், ஆனால் எந்த மூலையில் தொடங்குவது என்பதைக் கார் நிறுத்தும் வசதிக்கே விட்டுவிடுகிறோம்.

டயரை 25 மில்லிமீட்டர் அகலத்திலிருந்து 28க்கு மாற்றினேன். உள்ளே முள்தடுப்புப் பட்டை வைத்தேன். அந்த இரண்டு வாரமும் மாலை நேரங்களில் அழகர்கோவில் சாலையில், கைப்பிடியின் வளைவைப் பிடித்துத் தாழக் குனிந்து பத்து நிமிடம், நிமிர்ந்து ஐந்து நிமிடம் என்று ஓட்டிப் பழகினேன். எதிர்க்காற்றில் மார்பைத் தாழ்த்தினால் கிடைக்கும் பலன் பெரிது. இடுப்பு அதற்குப் பழகியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 2, இரண்டாம் முயற்சி

ஐந்தரைக்கு ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து புறப்பட்டோம். இருட்டில் ஓட்டுவதால் முன்விளக்கு ஒன்று, பின்விளக்கு ஆளுக்கு இரண்டு, பிரதிபலிக்கும் மேல்சட்டை. கடற்கரைச் சாலையில் அந்த நேரத்தில் மீன் வண்டிகள் வேகமாக வரும். ஆடுமாடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். ஆறு மணியளவில் உப்பூரில் வடக்கே திரும்பியபோது காற்று மெல்ல முகத்தைத் தொட்டது, அவ்வளவுதான். மோர்ப்பண்ணைப் பக்கம் கிழக்கு வெளுத்தது. இந்தச் சாலையில் போவோர் அறிய வேண்டிய ஒன்று, கடல் பெரும்பாலும் கண்ணில் படாது. சாலை சற்று உள்ளே தள்ளியே போகிறது. காற்றில் உப்பும் கருவாட்டு மணமும்தான் கடல் வலப்பக்கம் இருப்பதைச் சொல்லிக்கொண்டு வரும். கடலைப் பார்க்க வேண்டுமானால் கிளைச்சாலையில் இறங்க வேண்டும். அலையாத்திக் காடு உள்ள காரங்காட்டிற்குப் பிரியும் வழியைப் பார்த்து வைத்துக்கொண்டோம், அன்று இறங்கவில்லை.

தொண்டிக்கு ஏழு மணி ஐந்து நிமிடம். எதிர்க்காற்றில் 20 கிலோமீட்டர், சரியாக ஒரு மணி நேரம். சூரிய உதயம் வழியிலேயே, கருவேல மரங்களுக்கு இடையே நடந்துவிட்டது என்பதில் எனக்குக் குறைதான். எட்டு மணிக்குக் கிளம்பி, பக்கக்காற்றில் திருவாடானை. கோவிலில் இருபது நிமிடம். ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பியபோது வாடை நன்றாக எழுந்திருந்தது. இம்முறை அது முதுகில். 42 நிமிடத்தில் ஆர்.எஸ்.மங்கலம்.

மிதித்த நேரம் மட்டும் முதல் முறை 3 மணி 23 நிமிடம், இரண்டாம் முறை 2 மணி 56 நிமிடம். பஞ்சர் இல்லை, முன்டயரில் குத்தியிருந்த இரண்டு முட்களைச் சாமணத்தால் எடுத்தேன், பட்டையைத் தாண்டவில்லை. இம்முறை கண்மாயையும் நின்று பார்த்தோம். வீடு வந்ததும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். முதல் முறை அதைத் தள்ளிப்போட்டதில் மூன்றே நாளில் கண்ணிகளில் செம்மண் நிறத்தில் துரு பூத்திருந்தது.

அடுத்தது ஆடி. அப்போது கச்சான் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். தாளில் அம்புக்குறிகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாயிற்று. தொண்டியில் தொடங்கி, வலச்சுற்றாக உப்பூர், ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானை என்று வந்தால் கடைசி இரண்டு பக்கமும் காற்று துணைக்கு வர வேண்டும். தொண்டியில் தொடங்குவதால் சூரிய உதயமும் கரையிலேயே கிடைக்கும். மைத்துனர் ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்மதித்துவிட்டார்.