35க்குக் கீழே இறங்கினால் காசு கிடையாது: எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சையும் என் காப்புறுதியும்

உங்கள் நிறுவனத்தின் காப்புறுதியில் எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைக்கு இடமிருக்கிறது என்று யாராவது சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன்பு முழு ஒப்பந்தப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். மனிதவளப் பிரிவு கொடுக்கும் இரண்டு பக்கச் சுருக்கத்தை நம்பாதீர்கள். அந்தச் சுருக்கத்தை நம்பித்தான் நான் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் மேலும் கீழும் அலைந்தேன்.

கொழும்பில் நான் விசாரித்த திட்டங்கள் பல, உடற்பருமனுக்கான சிகிச்சை என்றாலே ஒரே வரியில் கையை விரித்துவிடுகின்றன. எங்கள் நிறுவனத்தின் தலைமையகம் வெளிநாட்டில் இருப்பதால், அங்கே வகுத்த குழுத் திட்டம் நிபந்தனையோடு அனுமதிக்கிறது. பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி, குறைந்தது 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து, பட்டியலில் உள்ள நோய்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதற்கு மேல், வைத்தியரின் மேற்பார்வையில் ஆறு மாதம் உணவுக் கட்டுப்பாடும் மாதந்தோறும் எடைப் பதிவும் வேண்டும். என் உயரம் 158 சென்ரிமீற்றர். முதல் நாள் எடை 91.2 கிலோ. பி.எம்.ஐ. 36.5. சீனி வருத்தம் ஏற்கெனவே இருந்தது. கொழுப்பு ஈரலும் முழங்கால் வலியும் எனக்கு இருந்தன, பட்டியலில் இருக்கவில்லை. தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது பட்டியலில் இருந்தது, ஆனால் அதற்கு வைத்தியரின் கடிதம் போதாது, ஓர் இரவு படுத்துச் செய்யும் தூக்கப் பரிசோதனையின் அறிக்கை வேண்டும். சீனி அறிக்கையோடு என் காரியம் நடந்தது. அதுவும் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதால் இரண்டாம் முறை இரத்தம் கொடுத்தேன்.

இந்த 40, 35 என்ற இலக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டேன். 1991இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய நிபுணர் குழு சொன்னவை என்றார். 2022இல் அமெரிக்காவினதும் உலக அளவிலானதுமான இரண்டு சத்திரசிகிச்சைச் சங்கங்கள் அவற்றைத் திருத்திவிட்டன. இப்போது 35 இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். எங்களைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5 இலிருந்தே யோசிக்கலாம், ஏனென்றால் எங்களுக்குக் குறைந்த எடையிலேயே சீனி வந்துவிடுகிறது. இதையெல்லாம் அவர் ஒரு கடிதத்தில் அழகாக எழுதித் தந்தார். காப்புறுதிக்காரர்கள் அதற்குக் கொடுத்த பதில் ஒரே வரி: ஒப்பந்தத்தில் உள்ளபடிதான் செய்ய முடியும். அந்தக் கடிதத்துக்குச் செலவான நேரத்தை நீங்கள் மிச்சம் பிடிக்கலாம்.

ஆறு மாதக் கட்டுப்பாடு என்பதை யோசித்துப் பாருங்கள். தானாக எடை குறைக்க முடியாதவருக்குத்தான் சத்திரசிகிச்சை. ஆனால் ஆறு மாதம் எடை குறைக்க முயன்றுவிட்டு வரச் சொல்கிறார்கள். முயற்சி கொஞ்சம் பலித்து 35க்குக் கீழே போனால் தகுதி போய்விடும். வகுப்பில் தோற்றவர்களுக்கே உதவிப்பணம் என்று அறிவித்துவிட்டு, ஆறு மாதம் நன்றாகப் படித்துவிட்டு வா என்பது போன்ற ஏற்பாடு. நான் சொன்னபடி செய்தேன். இரவுச் சோறு போனது, பாண் போனது, பால் தேநீரில் சீனி போனது. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் ஓரமாக மாலையில் நடந்தேன். எடை மெதுவாக இறங்கியது.

முதல் இடி மே மாதத்தில் விழுந்தது. எனக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது. எங்கள் கிளினிக் ஒவ்வொரு மாதமும் நான்காவது வியாழக்கிழமை. அந்த மே மாதம் அது வெசாக் போயாவாக, அதாவது பௌர்ணமி விடுமுறையாக, அமைந்தது. அடுத்த வியாழன் வைத்தியர் ஊரில் இல்லை. ஆகவே என்னை ஜூன் முதல் வாரத்தில் பார்த்தார்கள், பிறகு வழமைபோல் ஜூன் கடைசியிலும் பார்த்தார்கள். ஆறு பதிவுகள் ஆறாகவே இருந்தன. காப்புறுதி நிறுவனத்தில் கோப்பைப் புரட்டிய எழுதுவினைஞர், "மே எங்கே மிஸ்?" என்றார். வெசாக் என்றேன். அவர் வீட்டிலும் வெசாக் கூடு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், தெரியாததல்ல. இருந்தாலும் ஒரு மாதம் விடுபட்டால் முதல் மாதத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்று, நாட்காட்டியைக் கூடப் பார்க்காமல் சொன்னார்.

என்னைக் காப்பாற்றியவர் போசணை ஆலோசகர். மே நடுப்பகுதியில் அவரிடம் போயிருந்தேன். அவர் உணவுப் பட்டியலின் மூலையில் பென்சிலால் 89.7 என்று எழுதி, திகதியும் போட்டிருந்தார். பென்சில் எழுத்தை ஏற்க மாட்டோம் என்றார்கள். தன் பதிவேட்டைப் பார்த்து, கடிதத் தலைப்பில் எழுதி, றப்பர் முத்திரை குத்தி அவர் கொடுத்த பிறகு ஏற்றுக்கொண்டார்கள். எங்கே எடை பார்த்தாலும், யார் பார்த்தாலும், எடை, உயரம், திகதி, கையொப்பம், முத்திரை ஐந்தையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். கைபேசியில் படமும் எடுத்துவையுங்கள். கிளினிக் நாள் போயாவில் வருகிறதா என்று ஆண்டின் தொடக்கத்திலேயே பாருங்கள். பெயர் விடயத்திலும் கவனம். அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முன்னால், காப்புறுதி அட்டையில் கணவரின் பெயர் பின்னால் என்றால், இரண்டும் ஒருவரே என்று ஒரு கடிதம் தயாராக இருக்கட்டும்.

அடுத்து, காப்புறுதிக்காரர்கள் தங்களுடைய வைத்தியரிடம் என்னைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த உதவியாளர் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. நான் கழற்றப் போனபோது, "பரவாயில்லை அக்கா, ஏறுங்கள்" என்றார். உயரம் 160, எடை 87.9. பத்து நாளில் கடிதம் வந்தது: பி.எம்.ஐ. 34.3, தகுதி இல்லை.

எடையைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறோம். உயரம்தான் குழி பறிக்கும். பி.எம்.ஐ. கணக்கில் கிலோவில் உள்ள எடையை மீற்றரில் உள்ள உயரத்தால் இருமுறை பிரிப்பதால் இரண்டு சென்ரிமீற்றர் பெரிய வேலை செய்துவிடும். 158 என்றால் 35ஐத் தொட 87.4 கிலோ போதும். 160 என்றால் 89.6 வேண்டும். நாற்பதைத் தாண்டிய பெண் ஆறு மாதத்தில் இரண்டு சென்ரிமீற்றர் வளர்ந்தது எப்படி என்று கேட்டு, கிளினிக் புத்தகத்தின் பிரதிகளை இணைத்து எழுதினேன். மறுபடி அளந்தார்கள். வெறுங்காலில் 158தான். பி.எம்.ஐ. 35.2 ஆனது. அந்த உதவியாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று ஒரு பால் தேநீர் சீனியோடு குடித்தேன் என்பதை மறைப்பானேன்.

ஆனால் 35 என்ற கோட்டுக்கும் எனக்கும் இடையில் இப்போது அரைக் கிலோதான் மிச்சம். எடை குறையக் கூடாதே என்று பயப்படும் நிலைக்கு, இவ்வளவு காலம் எடை குறைக்கப் பாடுபட்டவள் வந்து சேர்ந்தேன். அலுவலகத்தில் கணக்குப் பிரிவு அண்ணா ஒருவர் வழி சொன்னார்: "தங்கச்சி, முதல் நாள் இரவு ஒரு கொத்து ரொட்டி, காலையில் இரண்டு போத்தல் தண்ணீர், சட்டைப் பையில் சில்லறைக் காசு." இன்னொருவர் ஈரத் துண்டு ஒன்றை உள்ளே கட்டிக்கொண்டு போகச் சொன்னார். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன், நீங்களும் விட்டுவிடுங்கள். மயக்க மருந்தை எடையையும் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். பொய் எடை பிடிபட்டால் காப்புறுதி மொத்தமாகவே போகும்.

உண்மையான சிக்கல் வேறு. இந்தச் சத்திரசிகிச்சைக்கு முன் ஏறக்குறைய இரண்டு கிழமை திரவ உணவு மட்டும் தருவார்கள். ஈரல் சுருங்கினால்தான் அதைத் தூக்கிப் பிடித்து, அடியில் இருக்கும் இரைப்பையில் கை வைக்க முடியும். அந்த இரண்டு கிழமையில் அரைக் கிலோ என்ன, நாலைந்து கிலோவே போகலாம். அனுமதிக்கும் நாளில் வைத்தியசாலை எழுதும் எடையை வைத்துப் பணத்தை மறுத்தால் என்ன செய்வது? தொலைபேசியில் ஒருவர் "மறுக்கலாம்" என்றார், மற்றவர் "மறுக்க மாட்டார்கள்" என்றார், மூன்றாமவர் மனிதவளப் பிரிவிடம் கேட்கச் சொன்னார். மனிதவளப் பிரிவு காப்புறுதியிடம் கேட்கச் சொன்னது.

எந்த நாள் எடை செல்லும் என்ற ஒரே கேள்வியைக் கடிதமாக எழுதினேன். முழு ஒப்பந்தப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டேன். பதில் வராவிட்டால் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் முறையிடுவேன் என்று கடைசி வரியில் சேர்த்தேன். அதுவரை அசையாத கோப்பு அந்தக் கிழமையே அசைந்தது. பத்திரமும் வந்தது. அதில், சுருக்கத்தில் இல்லாத வரி தெளிவாக இருந்தது: மேற்பார்வைத் திட்டம் தொடங்கிய நாளின் எடையே தகுதிக்குக் கணக்கில் எடுக்கப்படும்.

தொடங்கிய நாள் எடை 91.2. அவர்கள் பிழையாக அளந்த 160ஐ வைத்துக் கணக்குப் போட்டாலும் 35.6 வருகிறது. அதாவது அந்த மறுப்புக் கடிதமே வந்திருக்கக் கூடாது. உயரச் சண்டை, அரைக் கிலோ பயம், உறங்காத இரவுகள் எதற்குமே தேவை இருக்கவில்லை. தங்கள் பத்திரத்தைத் தாங்களே வாசிக்காதவர்கள் மன்னிப்புக் கேட்கவுமில்லை. ஒப்புதல் கடிதத்தில் "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று மட்டும் இருந்தது.

சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றிக் குழாய் போலாக்கும் முறைதான். வயிற்றில் சிறு துளைகள் வழியாகச் செய்தார்கள், நல்லபடி முடிந்தது. இவ்வளவு பாடும் வேண்டாம் என்பவர்களுக்கு, கொழும்பில் அரசாங்க வைத்தியசாலையிலும் இதைச் செய்கிறார்கள். காத்திருக்க வேண்டும், காப்புறுதி எழுதுவினைஞரைப் பார்க்க வேண்டியதில்லை.

இனி வாழ்நாள் முழுவதும் விற்றமின் பி12, இரும்புச் சத்து, கல்சியம் எல்லாம் எடுக்க வேண்டும். அந்தப் பற்றுச்சீட்டுகளை அனுப்பினேன். உணவுக் குறைநிரப்பிகளுக்குப் பணம் தருவதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இம்முறை வைத்தியர் அவற்றை மருந்துச் சீட்டில் எழுதி, ஏன் தேவை என்ற காரணத்தோடு முத்திரை குத்தித் தந்திருக்கிறார். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.