சித்திக்கு ஒரு புக்மார்க்: தையல் நாட்குறிப்பு

ஜூலை 6

சித்திக்கு ஒரு புக்மார்க் தைக்கப் போகிறேன். நூலகத்திலிருந்து எடுத்து வரும் புத்தகத்துக்குள் அவர் செருகி வைப்பது பஸ் டிக்கெட், இல்லையென்றால் காலி மாத்திரை அட்டை. அவ்வளவு படிக்கிறவருக்கு நல்லதாக ஒன்று வேண்டும்.

பெருக்கல் குறி போலப் போடும் கிராஸ் ஸ்டிச்தான். ஆனால் சுவரில் மாட்டும் படம் வேறு, இது வேறு. படத்தின் பின்பக்கம் சட்டத்துக்குள் போய்விடும், யாரும் பார்க்க மாட்டார்கள். புக்மார்க்கைக் கையில் எடுத்தாலே இரண்டு பக்கமும் தெரியும். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் துளையிட்ட அட்டையில் தைத்து, அந்த அட்டையைப் பட்டு ரிப்பன் மேல் வைத்துத் தைத்துவிடுவார்கள். பின்னால் ஓடும் நூல் எல்லாம் மறைந்துவிடும். அழகான வழிதான். எனக்கு மறைக்காமல் செய்ய ஆசை. அதனால் பின்பக்கத்தை யோசித்துவிட்டுத்தான் முன்பக்கம் வரையப் போகிறேன்.

ஜூலை 8

மதுரை குன்னத்தூர் சத்திரம் போய் வந்தேன். புதுமண்டபத்துக் கடைகள் அங்கே மாறியபின் தையல் சாமான் வாங்க அங்கேதான் போகிறேன். கட்டம் எண்ணித் தைக்கிற துணியில் மேட்டியும் இருந்தது, ஐடாவும் இருந்தது. பள்ளித் தையல் வகுப்பில் எல்லாரும் தொட்டது மேட்டிதான், ஆனால் அது தொய்ந்து கொடுக்கும். புத்தகத்துக்குள் விறைப்பாக நிற்க ஐடாவே சரி. 14 கவுண்ட் எடுத்தேன், அதாவது ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். முனை மழுங்கிய 24-ஆம் எண் ஊசி. ஆங்கர் நூலில் அரக்கு, மயில் நீலம், வெளிக்கோட்டுக்கு 403-ஆம் எண் கறுப்பு.

ஜூலை 9

கிராஃப் தாளில் நாள் முழுக்க. சிக்குக் கோலம் போட ஆசைப்பட்டேன், ஆனால் கட்டத்தில் வளைவு படிக்கட்டாகிவிடுகிறது. அதே காரணத்தால்தான் சேலையின் கோபுரக் கரை இங்கே அற்புதமாக உட்காருகிறது: அடியில் 7 கட்டம், மேலே 5, 3, 1. ஒரு கோபுரத்துக்கு 16 தையல், மூன்று கோபுரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 21 கட்ட அகலம். ஒற்றைப்படை எண் என்பதால் நடுக்கட்டம் கிடைக்கிறது.

நீளம் இப்படி வந்தது. இரண்டு முனையிலும் நாலு நாலு வரிசை கோபுரம், இடையில் 15 கட்ட நட்சத்திரம் ஐந்து, அவற்றுக்கு நடுவே ஒரு வரிசை இடைவெளி, கோபுரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் இடையே இரண்டு வரிசை. கூட்டினால் 91 கட்டம், சரியாக ஆறரை அங்குலம். கூட்டிப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை 12

இன்று முழுக்கத் தையல். பின்பக்கத்துக்காக நான் செய்வதை விரிவாக எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

முடிச்சே கிடையாது. முடிச்சு புத்தகத் தாளில் புடைக்கும், புத்தகத்தை மூடினால் அந்த இடம் தடிக்கும். ஆறு இழை நூலிலிருந்து ஒரே ஓர் இழையை இரண்டு முழத்துக்கு உருவி, இரண்டாக மடித்து, மடிப்பு கடைசியில் வரும்படி ஊசியில் கோக்கிறேன். முதல் தையலில் ஊசி கீழே போனதும் அந்த மடிப்பு வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் நூல் பிடித்துக்கொள்ளும். இரண்டு இழையும் கிடைத்துவிடுகிறது. கையில் ஓடும் நூல் ஒரு முழம், அதற்கு மேல் போனால் நூல் பஞ்சு பஞ்சாகிவிடும்.

அப்புறம் வரிசை முறை. பாதித் தையலாகச் சாய்த்துச் சாய்த்து வலப்பக்கம் போய், திரும்பி வரும்போது குறுக்கே போட்டு முடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் பின்னால் வெறும் செங்குத்துக் கோடுகள்தான் விழும், ஒழுங்காக, மழைக்கம்பி போல. ஒவ்வொரு பெருக்கல் குறியாக முடித்துக்கொண்டு போனால் பின்னால் கோடுகள் இன்னும் கூடும், தடிமனும் கூடும். எப்படித் தைத்தாலும் மேலே வரும் கால் ஒரே திசையில் சாய வேண்டும், இல்லையென்றால் வெளிச்சத்தில் நிறம் இரண்டாகத் தெரியும்.

நட்சத்திரத்திலிருந்து அடுத்த நட்சத்திரத்துக்கு நூலை இழுத்துக்கொண்டு போகவில்லை. வெள்ளைத் துணியில் அரக்கு நூல் பின்னால் ஓடினால் முன்னால் நிழலாகத் தெரியும். ஒவ்வொன்றையும் புதிதாக ஆரம்பித்து, முடிவில் நாலைந்து தையலுக்கு அடியில் ஊசியை விட்டு வெட்டுகிறேன்.

ஜூலை 13

காலையிலிருந்து மூட்டம். அரக்குக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாத வெளிச்சத்தில் தைக்க மாட்டேன்.

ஜூலை 17

வெளிக்கோடு முடிந்தது, ஒற்றை இழைக் கறுப்பில். வழக்கமாகப் போடும் பேக் ஸ்டிச் பின்பக்கம் கனமாக விழும் என்பதால் இரட்டை ஓட்டுத் தையல் போட்டேன். ஒன்று விட்டு ஒன்றாக ஓட்டிக்கொண்டு போய், அதே வழியில் திரும்பி விடுபட்ட இடங்களை நிரப்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே கோடு. மேற்கே இதற்கு ஹோல்பைன் தையல் என்று பெயர், ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த உருவப்படங்களில் கழுத்துப்பட்டியிலும் கைப்பட்டியிலும் இந்த வேலைப்பாடு இருப்பதால். கர்நாடகத்தின் கசூதி என்ற பூவேலையில் கவந்தி என்பதும் இதே தையல்தான். கசூதிக்காரர்கள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதை இப்போது கையால் புரிந்துகொள்கிறேன். அந்த வேலைக்கு இன்னும் கூடுதல் மதிப்பும் கூலியும் கிடைக்க வேண்டும்.

ஜூலை 20

வெள்ளைப் பஞ்சை நனைத்து அரக்கு நூலில் ஒற்றிப் பார்த்தேன், சாயம் இறங்கவில்லை. அப்புறம்தான் தண்ணீரில் போட்டேன். பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, தடித்த துண்டின் மேல் முகம் கீழாகப் போட்டு இஸ்திரி. நேராகத் தேய்த்தால் தையல் அமுங்கிவிடும்.

நீளப் பக்கங்களுக்கு நாலு கட்டம் விட்டு, ஓரம் பிரியாமல் பிடிக்கும் பிளாங்கெட் தையல். இரண்டு முனையிலும் குறுக்கு நூலை உருவி அரை அங்குலம் விளிம்பு விட்டேன். குஞ்சம் வைக்கவில்லை, பைக்குள் போட்டு எடுக்கும்போது முதலில் பிய்வது அதுதான்.

ஜூலை 22

கொடுத்தேன். சித்தி வாங்கியதும் திருப்பித்தான் பார்த்தார்.

"எது முன்பக்கம்டி?"

கோபுரத்தைக் காட்டினேன். "பின்னாடி கோடு கோடா இருக்கறதும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, படித்துக்கொண்டிருந்த தடிப் புத்தகத்தில் வைத்து மூடினார். புத்தகம் புடைக்கவில்லை. மெல்லிய புத்தகத்துக்கும் ஒன்று வேண்டுமாம். அதற்கு 18 கவுண்ட் துணியும் ஒற்றை இழையும் போதும், ஊசியை 26-க்கு மாற்ற வேண்டும். கோபுரத்தின் அளவைக் கிராஃபில் மறுபடி போட ஆரம்பித்துவிட்டேன்.