மல்டிமீட்டரின் பின்மூடி

இன்று காலிபரேஷனுக்கு (அளவு சரிபார்ப்புக்கு) வந்த மல்டிமீட்டரில் சிவப்பு லீட் (சோதனை வயர்) 10 ஆம்பியர் துளையிலேயே செருகியிருந்தது.

உள்ளே இருப்பது ஓமில் நூறில் ஒரு பங்கு அளவு ஷண்ட், அதாவது மிகச் சிறிய ரெசிஸ்டர். அப்படியே வோல்டேஜ் கொடுத்தால் ஷார்ட்தான்.

பின்மூடியைக் கழற்றினால் அதைவிட மோசம். 1000 வோல்ட் செராமிக் ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் 250 வோல்ட் கண்ணாடி ஃபியூஸைத் திணித்திருக்கிறார்கள்.

செராமிக் குழாய்க்குள் இருக்கும் மணல் ஆர்க்கை (ஃபியூஸ் உருகும்போது எழும் மின்பொறியை) அணைக்கும். பெரிய ஷார்ட்டில் கண்ணாடி வெடித்துச் சிதறும், ஆர்க்கும் நிற்காது. ரீடிங் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்த மீட்டருக்குச் சான்றிதழ் தரவே கூடாது.

முதலில் சரியான ஃபியூஸ். பிறகு காலிபரேட்டர் (மீட்டரைச் சோதிக்கத் துல்லியமான வோல்டேஜ் தரும் கருவி) அரைமணி நேரமாவது சூடாகட்டும், அறை 23 டிகிரியில் நிலைக்கட்டும்.

1000 வோல்ட் சோதனைப் புள்ளி முடிந்ததும் காலிபரேட்டரில் ஸ்டாண்ட்பை (வெளியீட்டை நிறுத்தும் பட்டன்) அழுத்துங்கள். திரையில் அது தெரிந்த பிறகே லீடைத் தொடுங்கள்.