காய்ச்சல் விட்ட பின் தங்கிய ஓசை

கடந்த ஐப்பசிக் கடைசியில், பாளையங்கோட்டைத் தெருக்களில் மழைநீர் தேங்கத் தொடங்கிய வாரத்தில், எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் அடுத்தடுத்துக் காய்ச்சல் வந்தது. மற்ற இருவருக்கும் நான்கு நாளில் விட்டது. எனக்கு ஆறு நாள் நீடித்தது; கடைசி இரண்டு நாள்களில், குளத்தில் முங்கி எழுந்ததும் தண்ணீர் அடைத்துக்கொள்வது போல இடது காது மந்தமாக இருந்தது. சளி இறங்கினால் காதும் திறந்துகொள்ளும் என்று நினைத்து அதைப் பொருட்படுத்தவில்லை. காய்ச்சல் விட்ட ஐந்தாம் நாள் இரவு மின்சாரம் போனது. தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி மெல்லச் சுழன்று நின்றதும், சன்னலுக்கு வெளியே சில்வண்டு ஒன்று விடாமல் கத்துவது கேட்டது. எழுந்து சன்னலைச் சாத்தினேன். சத்தம் சற்றும் குறையவில்லை. மாடிவீட்டு இன்வெர்ட்டர் கூவுகிறதோ என்று மனைவியை எழுப்பிக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் கேட்கலியேங்க" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இடது காதை விரலால் பொத்திப் பார்த்தபோது வண்டு முன்னைவிட உரக்கக் கத்தியது. அது வெளியே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

நான் வீட்டிலிருந்தபடியே அச்சகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பவன். ஆகவே, வலி எதுவானாலும் அதற்குச் சரியான சொல் கிடைக்கும்வரை எனக்கு ஒருவகை அரிப்பு இருந்துகொண்டே இருக்கும். மருத்துவக் குறிப்புகளில் இதைக் காது இரைச்சல் என்று எழுதுகிறார்கள். இரைவது கடல், குற்றாலத்தில் விழும் தண்ணீர். என் காதில் இருந்தது அப்படி அகன்ற ஓசையன்று, ஊசிமுனை போல ஒடுங்கிய ஒன்று. ரீங்காரம் என்றால் அதற்குத் தகாத அழகு வந்துவிடுகிறது. கடைசியில் என் அம்மா சொல்லும் "காது ஙொய்ங்குன்னு இருக்கு" என்பதே பொருத்தமாகப் பட்டது. மருத்துவர்கள் சொல்லும் டின்னிட்டஸ் என்ற பெயரும் மணி ஒலிப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக அவர்களும் எங்கள் அம்மாவைப் போலக் காதில் விழுந்ததையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

இதில் நான் செய்த பெரிய பிழை, காத்திருந்தது. வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவர், காய்ச்சலுக்குப் பின் வரும் பலவீனம்தான், போகப் போகச் சரியாகும் என்றார். நானும் அதைக் கேட்கவே விரும்பியதால் நம்பினேன். ஐந்தாவது வாரம் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனபோது, அவர் முதலில் கேட்டது, ஒலி எப்படி இருக்கிறது என்பதையன்று, கேட்கும் திறன் எப்போது குறைந்தது என்பதைத்தான். காய்ச்சலோடு காது திடீரென மந்தமானால் அது வெறும் சளி அடைப்பாகவும் இருக்கலாம், உட்செவி பாதிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் ஸ்டீராய்டு மாத்திரையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம் என்றும், சோதிக்காமல் இது எது என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் விளக்கினார். என் விஷயத்தில் மாத்திரை பயன்பட்டிருக்குமா என்பதற்கு அவரிடமும் விடை இல்லை. ஆனாலும் அந்த ஐந்து வாரங்களை நினைத்து நான் பல இரவுகள் புழுங்கியதுண்டு.

அவர் கேட்ட மற்றக் கேள்விகளையும் இங்கே எழுதிவைப்பது பயன்படும் என்று தோன்றுகிறது. ஒலி நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கிறதா என்று கேட்டார். அப்படியிருந்தால் இரத்தக் குழாய்களைப் பார்க்க வேண்டுமாம். தலை சுற்றுகிறதா, முகம் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கேட்டார். காய்ச்சலின்போது என்ன ஊசி போட்டார்கள், என்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று பட்டியலே கேட்டார். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகளும், மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைனும், அதிக அளவில் உட்கொள்ளும் ஆஸ்பிரினும் காதைத் தொடக்கூடியவை. நான் சாப்பிட்டது பாராசிட்டமால் மட்டுமே. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக் குறும்பி அடைத்திருக்கவில்லை என்று உறுதி செய்தார். பலருக்கு அதுதான் காரணமாக இருக்கிறதாம், எடுத்துவிட்டால் ஒலியும் போய்விடுகிறதாம். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் ஒலியும் கேட்கும் குறைவும் சேர்ந்திருந்ததால், செவி நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று தெரிந்துகொள்ள எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். முடிவு வரும்வரை நான் தூங்கவில்லை. கட்டி எதுவும் இல்லை.

செவித்திறன் சோதனை செய்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஒலி புகாத சிறு அறையில் என்னை உட்காரவைத்து, காதில் ஒலிவாங்கி... இல்லை, ஒலிவாங்கி என்றால் மைக் அல்லவா, தலையணி ஒலிபெருக்கியை மாட்டி, மெல்லிய ஓசைகளை ஒவ்வொன்றாக அனுப்பினார். 4000 ஹெர்ட்ஸ் சுருதி வரை இரண்டு காதுகளும் ஏறத்தாழ ஒன்றுபோல இருந்தன. அதற்கு மேல் இடது காதின் கோடு தாளில் சரிந்து இறங்கியது. பிறகு வெவ்வேறு சுருதிகளில் ஓசை எழுப்பி, என் காதில் கேட்பது எதற்கு நெருக்கம் என்று கேட்டுக்கொண்டே வந்து, 6000 ஹெர்ட்ஸில் நிறுத்தினார். கேட்கும் திறன் விழுந்த அதே இடத்தில்தான் ஒலி முளைத்திருந்தது.

ஏன் அப்படி என்று மருத்துவர் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டேன். சிறுவயதில் எங்கள் ஊரில் இலங்கை வானொலி கேட்காத வீடு குறைவு. அலை வலுவாக வரும் நாளில் பாட்டு மட்டும் கேட்கும். அலை மங்கும் நாளில் அப்பா ஒலிக் குமிழைத் திருகிக் கூட்டுவார். பாட்டோடு கூடவே அதுவரை கேட்காத கொரகொரப்பும் மேலெழும்பி வரும். உட்செவியில், ஓசையை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. சேதமானால் மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. ஒரு பகுதியிலிருந்து வரவேண்டிய செய்தி நின்றுபோனதும் மூளை அந்த இடத்துக்கான குமிழைத் திருகிக் கூட்டுகிறது. அப்போது எழும் கொரகொரப்பே நமக்கு ஒலியாகத் தெரிகிறது. இது முழு விளக்கமன்று, ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். இருந்தாலும் காதுக்குள் ஏதோ அழுகிக்கொண்டிருக்கிறது என்று பயந்துகொண்டிருந்த எனக்கு இந்தக் குமிழ் பெரிய ஆறுதல்.

அன்றைக்கு இரண்டு செய்திகள் என்னை அசைத்தன. ஒன்று, ஒலியின் அளவு. கொடைவிழாவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி அளவுக்கு என் தலைக்குள் கத்துவதாக நான் நினைத்திருந்தது, அளந்து பார்த்தபோது, அந்தச் சுருதியில் என் காதுக்கு எட்டும் மிகச் சிறிய ஓசையைவிட 7 டெசிபெல்தான் கூடுதலாக இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் சொற்ப அளவாகவே வரும் என்றார் அந்தப் பெண். நான் கொஞ்சம் அவமானப்பட்டேன் என்றே சொல்ல வேண்டும். மற்றொன்று, அவர் ஒரு நிமிடம் போல இடது காதில் அலையோசை போன்ற சத்தத்தைப் போட்டு, சட்டென்று நிறுத்தியது. அதன் பின் எதுவும் கேட்கவில்லை. ஐந்து வாரங்களுக்குப் பிறகு வாய்த்த அமைதி, நான் எண்ணிப் பார்த்தவரை இருபது விநாடி இருந்தது. பிறகு தூரத்தில் வரும் சைக்கிள் மணி போல அது திரும்பி வந்து தன் இடத்தில் அமர்ந்துகொண்டது. கண் கலங்கியதை மறைக்க மூக்கைச் சிந்தினேன். பலருக்கு இப்படிச் சில விநாடி அடங்கும், அதைச் சிகிச்சை என்று எண்ண வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே எச்சரித்திருக்கலாம்.

வைத்தியம் சொல்லாதவர்கள் இல்லை. அத்தை பூண்டு தட்டிப்போட்ட நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றச் சொன்னாள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது வேறு வினையாகிவிடும் என்று மருத்துவர் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார். எதிர்வீட்டுப் பெரியவர், "அண்ணாச்சி, இது நோயே இல்லை, யோகிகள் தவமிருந்து கேட்கிற நாதம் உங்களுக்குத் தானாக வந்திருக்கிறது" என்று உண்மையான பொறாமையோடு சொன்னார். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றில் செய்த மாத்திரை வாங்கி ஒரு மாதம் விழுங்கினேன். பிறகுதான், அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஜிங்கோவையும் துத்தநாக மாத்திரையையும் இதற்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பதைப் படித்தேன். அதே வழிகாட்டுதல், ஒலியால் அவதிப்படுகிறவர்களுக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. காப்பியையும் விட்டுப் பார்த்தேன். மூன்று வாரம் தலைவலியும் காதொலியும் சேர்ந்து இருந்தன. காப்பியைத் திரும்பத் தொடங்கியதும் தலைவலி மட்டும் போனது.

இரவுகள்தான் கடினமாக இருந்தன. மார்கழி பிறந்ததும் வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். மற்றவர்களுக்கு இதமான அந்த நிசப்தம் எனக்கு நரகமாக இருந்தது. நான் மின்விசிறியைப் போடுவேன். மனைவி குளிரில் எழுந்து நிறுத்துவாள். விடியும்வரை ஒருவருக்கொருவர் தெரியாமல் சுவிட்சோடு போராடிக்கொண்டிருந்தோம். இதற்கிடையில் பகலில் நான் நேர்மாறான தவறைச் செய்துகொண்டிருந்தேன்: காதைப் பாதுகாக்கிறேன் என்று பஞ்சு வைத்துக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும் ஓசைக்குக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டேன். மருத்துவர் அதைக் கேட்டுக் கோபப்பட்டார். பட்டாசுக்கும் தவிலுக்குப் பக்கத்தில் உட்காரும்போதும் அடைப்பான் வைப்பது சரி. சாதாரண ஓசைகளிலிருந்து ஒளிந்தால் மூளை அந்தக் குமிழை மேலும் திருகத்தான் செய்யும் என்றார். படுக்கையறையில் மெல்லிய சத்தம் ஒன்று இருக்கட்டும், ஆனால் அது காதொலியை மூழ்கடிக்க வேண்டாம், அதற்குச் சற்றுக் கீழேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். கைப்பேசியில் மழையோசை போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே இடி அதே இடத்தில் இடித்தது, நான் அந்த இடிக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். கடைசியில் பரணில் கிடந்த பழைய மேசை மின்விசிறியை இறக்கித் துடைத்து, காற்று யார் மீதும் படாதபடி சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். யோசனை மனைவியுடையது. அன்றுதான் இருவரும் தூங்கினோம்.

அந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்காக மருத்துவர் மனநல ஆலோசகரிடம் போகச் சொன்னபோது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை, எனக்கும்தான். காதுக்கு வந்த கேட்டுக்கு மனத்தைப் பார்ப்பானேன் என்றிருந்தது. முதல் நாளில், காதொலி அன்றாட வாழ்வை எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்று அளக்கும் 25 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். ஆம் என்றால் 4, சில நேரம் என்றால் 2, இல்லை என்றால் 0. எனக்கு 58 வந்தது, கடுமை என்ற கட்டத்தின் முதல் படி அது. அந்த ஆலோசகர் ஒலியைப் பற்றி அதிகம் பேசவில்லை. காலையில் விழித்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பேன் என்றேன். ஒரு நாளில் எத்தனை முறை அப்படிப் பார்ப்பீர்கள் என்றார். ஒரு வாரம் குறித்து வந்து காட்டியபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரே நாளில் எழுபது கோடுகளைத் தாண்டியிருந்தது. அச்சுப்பிழை தேடும் கண்ணைக் காதுக்கும் வைத்துவிட்டிருக்கிறேன். எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் முதலில் பிழைதான் தெரியும், முப்பது ஆண்டுப் பழக்கம் அது.

அதை விடுவது நினைத்ததைவிட மெதுவாகவே நடந்தது. கேட்டுப் பார்க்கத் தோன்றும்போது தடுக்காமல், பத்து நிமிடம் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடச் சொன்னார். "இது இப்படியே இருந்தால் நான் வேலை பார்க்க முடியாது" என்று நான் சொன்னதைத் தாளில் எழுதவைத்து, அந்த மாதம் முடித்துக் கொடுத்த மெய்ப்புப் பக்கங்களை அதற்குக் கீழே எழுதச் சொன்னார். 412 பக்கங்கள். மறுக்க முடியவில்லை. தினமும் காலையில் அக்கறையோடு "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவந்த மனைவியிடம், அதைக் கேட்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது, ஆறு அமர்வுகளில் எனக்கு மிகவும் சங்கடமாக இருந்த வீட்டுப்பாடம் அதுதான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்போ காப்பி போடவான்னு மட்டும் கேக்கேன்" என்றாள்.

சித்திரையில் அதே தாளை மறுபடி நிரப்பியபோது 24 வந்தது. ஒலியை மீண்டும் அளந்தார்கள். அதே 6000 ஹெர்ட்ஸ், ஏறத்தாழ அதே அளவு. அது குறையவில்லை என்பதை இதைப் படிக்கும் புதியவர்களுக்காக அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எண் குறைந்ததும் ஒலி குறைந்ததாக உறவினர்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சரியாகத் தூங்காத மறுநாளும், சளி பிடித்த நாள்களிலும் அது முன்னே வந்து நிற்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் இடப்பக்கம் உட்கார்ந்தவர் சொல்வது பாதிதான் விளங்குகிறது. அதனால் இப்போது வரிசையில் இடது ஓரத்து இலையைப் பார்த்து உட்காரக் கற்றுக்கொண்டிருக்கிறேன். மெய்ப்புப் பார்க்கும்போது சில நாள் மதியம்வரை அதன் நினைவே வருவதில்லை, இதை எழுத உட்கார்ந்த இன்று காலையிலிருந்து அது கேட்டுக்கொண்டே இருக்கிறது.

போன வாரம் வீட்டு வயரிங் வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன், சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த மேசை மின்விசிறியைக் கண்டு, "சார், இது புஷ் தேய்ஞ்சு சத்தம் போடுது, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டாப் போதும்" என்று திருகாணியைக் கழற்றப் போனார். அடுக்களையிலிருந்து மனைவி ஓடிவந்து அவர் கையைத் தடுத்தாள்.