17ஆம் கூடு

பிப்ரவரி 7
ஆமைத் தடம் இல்லை. வாடை இன்னும் விடவில்லை.

பிப்ரவரி 9
காலை 5.40. கழிமுகத்துக்குத் தெற்கே ஒரு தடம். இடது துடுப்பும் வலது துடுப்பும் மாறி மாறிப் பதிந்திருக்கின்றன, அகலம் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பங்குனி ஆமைதான், ஆலிவ் ரிட்லி. பேராமை என்றால் இரண்டு துடுப்பையும் ஒரே நேரத்தில் ஊன்றி ஏறும். தடம் இருபுறமும் ஒத்து, ட்ராக்டர் போன மாதிரி இருக்கும்.

தடத்தின் கீழ்முனையைக் கடல் ஓதம் அழித்திருந்தது. இரவில் ஓதம் ஏறி நின்றது 11.30க்கு. அப்படியானால் முட்டை இட்டது அதற்கு முன்னால். அதாவது நாங்கள் பார்க்கும்போதே 6 மணி நேரம் தாண்டியாயிற்று. நாய் ஒரு பக்கம் அரை அடி பறித்து வைத்திருந்தது. முட்டைக்கு இன்னும் நாலு விரல்.

விட்டுவிடலாமா, தூக்கலாமா? நாய்த்தடம் நாலைந்து. தூக்கினோம்.

எப்படித் தூக்கினோம் என்பதை எழுதி வைக்கிறேன். பின்னால் தேவைப்படும். குச்சியை மெல்ல இறக்க வேண்டும். மணல் சட்டென்று இளகும் இடத்தில் நிறுத்திவிட்டுக் கையால்தான் தோண்ட வேண்டும். குச்சியை இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால் மேல் வரிசை முட்டை உடையும், உடைந்த ஒன்று பக்கத்தில் இருக்கும் பத்தைக் கெடுக்கும். மேல் முட்டை தெரிந்ததும் அது இருக்கிற வாக்கிலேயே, புரட்டாமல் எடுத்துத் துணிப்பையில் வைக்க வேண்டும். பைக்குள் அடியில் அதே குழியின் ஈர மணல் இரண்டு கை. 119 முட்டை. அடி ஆழம் 46 செ.மீ., கழுத்து ஒரு சாண், அடிவயிறு ஒன்றரைச் சாண். பானை மாதிரி. பொரிப்பகத்திலும், அதாவது தூக்கி வந்த முட்டையைப் புதைத்துக் காக்கும் வேலிக்குள்ளும், அதே அளவில் குழி, அடுத்த கூட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. முட்டையின் மேல் அதே ஈர மணல், கடைசி ஒரு சாணுக்குத்தான் காய்ந்த மணல். உள்ளங்கையால் தட்டலாம், காலால் மிதிக்கக் கூடாது.

மூடி முடித்தது 7.05. இது 17ஆம் கூடு.

பை ஒரு முறை தொடையில் இடித்தது. ஒரே ஒரு முறை.

பிப்ரவரி 10
17இன் மேல் எறும்பு இல்லை.

பிப்ரவரி 13
செத்த ஆமை ஒன்று, பெண். ஓட்டின் வளைவோடு நாடா வைத்து அளந்தால் 68 செ.மீ. வெட்டுக்காயம் இல்லை, புரொப்பெல்லர் கோடு இல்லை, கழுத்து வீங்கியிருக்கிறது. இப்படி ஒதுங்குகிறவற்றில் பெரும்பாலானவை இழுவலைக்குள் மூச்சுமுட்டிச் செத்தவை. ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வந்து மூச்சு வாங்கியே ஆக வேண்டும். சும்மா தூங்கும்போது வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். வலைக்குள் மிரண்டு அடித்துக்கொள்ளும்போது அந்த மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஓட்டில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டாயிற்று. போடாவிட்டால் இதே ஆமை நாளைக்கு இரண்டு கிலோமீட்டர் வடக்கே இன்னொருவர் கணக்கில் ஏறும்.

5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆமை தப்பிக்கும் கம்பித்தட்டி வலையில் இருக்க வேண்டும் என்றும் சொல்லியாயிற்று. சாய்வாக வைத்த கம்பிகளின் இடுக்கில் இறால் பின்னால் போய்விடும், ஆமை தட்டியில் முட்டி மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறும். மீனும் சேர்ந்து வெளியே போய்விடும் என்று படகுக்காரர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் முழுதாகத் தப்பு சொல்ல மாட்டேன், தட்டியில் குப்பையும் ஜெல்லிமீனும் அடைத்துக்கொண்டால் மீன்பாடு குறையத்தான் செய்யும். ஆனால் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. மீன் குஞ்சுக்காக வகுத்த 61 நாள் அது. ஆமை கரைக்கு முன்னால் கூடித் திரிவதோ ஜனவரி, பிப்ரவரி, மார்ச். தடை வருவதற்குள் முட்டை போட்டுவிட்டுப் போய்விடும், அல்லது இப்படி ஒதுங்கும்.

2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

பிப்ரவரி 14
தடம் 2. இரண்டும் 2 மணிக்குள் கிடைத்தன. 18, 19. கவலை இல்லை.

பிப்ரவரி 20
பொரிப்பக வேலிக்குள் அடப்பங்கொடி நுழைந்துவிட்டது. வெளியே அது இல்லாமல் மணல் நிற்காது. உள்ளே வந்தால் வேர் ஈரத்தைத் தேடி நேராக முட்டைக்குப் போகும். வேரில் கோத்த முட்டையைத் தோண்டி எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூட்டுக்கு மேல் வந்த கொடியைப் பிடுங்காதே. பிடுங்கினால் குழி இடியும். மண்மட்டத்தில் வெட்டி விட்டுவிட வேண்டும்.

வெட்டிய கொடி வீணில்லை என்று பையன் நடக் கிளம்பினான். இப்போது நட்டால் காய்ந்து சாகும் தம்பி, ஐப்பசி மழை இறங்கட்டும். அப்போது 3, 4 கணு உள்ள துண்டாக, ஒன்றரை அடி நீளம், இரண்டு கணுவை நாலு விரல் ஆழத்தில் புதைத்து நுனியை வெளியே விட்டால் ஊற்றாமலே பிடித்துக்கொள்ளும். கடலை ஒட்டி அடப்பங்கொடி, அதற்குப் பின்னால் இராவணன் மீசை. அவ்வளவுதான், இயற்கை போட்ட வரிசை.

2004 சுனாமிக்குப் பிறகு ஆமை ஏறுகிற மணலிலேயே பல இடங்களில் சவுக்கு வைத்தார்கள். சவுக்கு நிழல் கட்டும், சருகு மூடும், அடியில் வேறு ஒன்றும் முளைக்காது. அலை அரித்தால் வேர்ச்சுவர் எழும்பும், அதில் ஏற முடியாமல் ஆமை திரும்பிப் போகும். காற்றுக்குத் தடுப்பு வேண்டும்தான். மணல்மேட்டுக்குப் பின்னால் வைத்திருக்கலாம்.

பிப்ரவரி 26
17க்கு 17ஆம் நாள். இன்றிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை உள்ளே ஆணா பெண்ணா என்று முடிவாகும். அதை முடிவு செய்வது சூடு. 29, 30 டிகிரி வாக்கில் பாதிக்குப் பாதி. அதற்கு மேல் போகப் போகப் பெண். 34, 35ஐத் தாண்டி நின்றால் குஞ்சே இல்லை.

ஓர் அடி ஆழத்தில் காலை 7 மணிக்கு 28.6. பகல் 2 மணிக்கு 28.8. மேல்மணலில் கால் வைக்க முடியாத வெயில், கீழே இரண்டு புள்ளிதான் வித்தியாசம். மேல்சூட்டைப் பார்த்துப் பதறி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இதை ஒரு தடவை அளந்து பார்க்க வேண்டும். முட்டைத் தோலின் வழியாகக் காற்று போய் வர வேண்டும். மணலின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்தால் குஞ்சு மூச்சுத் திணறும், பூஞ்சை பிடிக்கும். சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் நிழல்: தலை உயரத்தில் கீற்றுப் பந்தல், நாலு பக்கமும் திறந்து. அதுவும் பிந்திய கூடுகளுக்கு மட்டும்.

மார்ச் 1
தூக்கம் இல்லை. 17ஐத் தோண்டிப் பார்க்கக் கூடாது என்பது தெரியும்.

மார்ச் 4
அந்த விளக்கு. பிப்ரவரி முழுக்க எரியாமல் இருந்தது, நேற்றிரவிலிருந்து மறுபடி. வெள்ளை வெளிச்சம், 12 மீட்டர் கம்பம், மணலில் நிழல் விழுகிறது. குஞ்சு மேலே வந்ததும் தாழ்வான வெளிச்ச அடிவானத்தைத் தேடிப் போகும். இருட்டுக் கரையில் அது கடல்தான். இங்கே அது அந்தக் கம்பம். சாலைப் பக்கம் போன குஞ்சு விடிந்ததும் காக்கைக்கு.

அணைக்கச் சொன்னால் பாதுகாப்பு என்கிறார்கள். சரி, அணைக்க வேண்டாம். கடல் பக்கம் மறைப்புத் தகடு, விளக்கைக் கீழே இறக்குவது, வெள்ளைக்குப் பதில் ஆழ்ந்த மஞ்சள் நிறம். மூன்றில் ஒன்றையாவது செய்யலாமே. எழுதிக் கொடுத்தாயிற்று.

மார்ச் 9
வேலிக்குள் நண்டு வளை 3. கம்பி வலை ஓர் அடி ஆழம் போதவில்லை. இரண்டடி.

மார்ச் 11
கூடு 3 பொரிந்தது. 52ஆம் நாள், இரவு 1.15. ஜனவரிக் கூடுகள் இப்படித்தான் இழுக்கும். மணல் குளிர்ச்சி.

முதலில் ஒரு மூக்கு. அசையாது. மணல் சூடாக இருந்தால் பகல் என்று நினைத்து அப்படியே நின்றுவிடும். பிறகு அதன் தோளில் ஏறி இன்னொன்று. அரை நிமிஷத்தில் குழியே கொதிக்கிற மாதிரி 91. வலைக்கூடைக்குள் எண்ணி, உடனே கடலுக்கு. 15 மீட்டர் முன்னால் இறக்கிவிட வேண்டும், தானே நடக்க வேண்டும். கையில் வைத்து அலையில் விடுவது, வாளித் தண்ணீரில் நீந்த வைத்துக் காட்டுவது, விடியும்வரை வைத்திருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூப்பிடுவது, மூன்றுமே தப்பு. வயிற்றில் மிஞ்சிய மஞ்சள்கருவின் தெம்பில்தான் முதல் ஒரு நாள் நிற்காமல் நீந்தி ஆழத்துக்குப் போகும். அந்தத் தெம்பை வாளியில் கரைத்துவிட்டால் கரையோர மீனுக்கு இரை. விடும் இடத்தையும் தினம் 100 மீட்டர் மாற்ற வேண்டும். மீனுக்கு ஞாபகசக்தி உண்டு.

டார்ச் யாரும் போடவில்லை. விளக்கு எரிந்தது. 4 குஞ்சு திரும்பி நடந்தன, பிடித்து விட்டோம்.

மார்ச் 14
கூடு 3ஐத் திறந்தோம். 108 முட்டையில் வெறும் ஓடு 93. கழுத்துப் பகுதியில் 2 உயிரோடு மாட்டியிருந்தன, மாலையில் விட்டாயிற்று. பொரியாதது 15: ஒன்றும் தெரியாதது 6, பாதியில் நின்றது 5, முழுக் குஞ்சாகிச் செத்தது 4. நூற்றுக்கு 86.

நாற்றம் கையை விட்டு இரண்டு நாள் போகாது. எலுமிச்சை, புளி, எதுவும் கேட்காது.

மார்ச் 19
மதியம் திடீர் மழை, முக்கால் மணி நேரம். மேல்மணல் இறுகி ஆடை கட்டிவிட்டது. குஞ்சு ஏறும்போது முட்டும். 40 நாள் தாண்டிய கூடுகளின் மேல் மட்டும் விரல் நுனியால் கிளறிவிட்டோம். 17க்கு இன்னும் 38தான். இருந்தும் கிளறினேன்.

மார்ச் 22
சங்கப் பாட்டு ஒன்றில் அடும்பங்கொடி (நம் அடப்பங்கொடிதான்) சிதையத் தள்ளி வெண்மணலில் ஆமை முட்டையைப் புதைக்கும், குஞ்சு வரும்வரை ஆண் ஆமை காவல் இருக்கும். முதல் பாதியை எழுதியவர் கரையில் நின்று பார்த்தவர், கொடி கிழிவதைக்கூட விடவில்லை. இரண்டாம் பாதி ஆசை. ஆண் ஆமை கரைக்கே வராது. பெண்ணும் ஒரு மணி நேரத்தில் மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும்.

மார்ச் 26
17: 45ஆம் நாள். ஒன்றும் இல்லை.

மார்ச் 28
ஒன்றும் இல்லை. சூடு 30.9. பக்கத்து வெறும்மணலில் 29.7. ஒரு டிகிரிக்கு மேல் கூடுதல். உள்ளே உயிர் இருந்தால்தான் அந்தச் சூடு வரும். எத்தனை உயிர் என்று அது சொல்லாது.

மார்ச் 31
17க்கு 50ஆம் நாள். கூடு 18ம் 19ம் இன்னும் 45ஆம் நாளில்தான் இருக்கின்றன, அதற்குள் 18இல் பள்ளம் விழுந்துவிட்டது.

ஏப்ரல் 1
18: 104 குஞ்சு.

ஏப்ரல் 2
17இன் நடுவில் ஒரு விரல் பள்ளம். குஞ்சுகள் ஓட்டை உடைத்ததும் ஓடு நசுங்கி உள்ளே இடம் ஏற்படும், மேல்மணல் அதற்குள் சரியும். அதுதான் இந்தப் பள்ளம். கூடை இறக்கியாயிற்று.

ஏப்ரல் 3
3.20க்கு. 61.

119இல் 61.

ஏப்ரல் 6
திறந்தோம். ஓடு 64: வெளியே போனவை 61, உள்ளே உயிரோடு 2, செத்தது 1. பொரியாதது 55. ஒவ்வொன்றாகக் கிழித்துப் பார்த்தோம். ஒன்றும் தெரியாதவை 5. நடுவில் நின்றவை 5. முழுக் குஞ்சு 7. மீதி 38இலும் மிளகளவு புள்ளி, அதைச் சுற்றி மெல்லிய ரத்த வளையம், அத்தோடு சரி.

வெப்பம் கொன்றிருந்தால் கடைசிக் கட்டத்தில் செத்திருக்கும், முழுக் குஞ்சாகக் கிடந்திருக்கும். பூஞ்சை என்றால் ஓரிடத்திலிருந்து பரவியிருக்கும். இவை குழி முழுக்கச் சிதறி, எல்லாம் ஒரே வயதில் நின்றிருக்கின்றன. இட்ட சில மணி நேரத்தில் கரு மேல்தோலின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்; ஒட்டிய பிறகு அசைத்தால், புரட்டினால் பிய்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் முட்டையின் உச்சியில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி வெள்ளை படர்வதுதான் அடையாளம். பிப்ரவரி 9 காலையில் அந்த வெள்ளை இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. மணியைப் பார்த்தோம், தூக்கினோம்.

நாய் எடுத்திருந்தால் 119ம் போயிருக்கும் என்று பையன் சொன்னான். அது சரிதான். தூக்காமல் அங்கேயே வலை போட்டிருக்கலாம் என்பதும் சரிதான்.

பொரிப்பகப் பலகையில் மாற்றி எழுதியாயிற்று: 6 மணி நேரம் தாண்டியது, அல்லது நேரம் தெரியாதது, தொடக் கூடாது. வனத்துறை அலுவலரிடமும் சொல்லியாயிற்று.

ஏப்ரல் 9
அடப்பங்கொடிக்கு மேலே தடம். நேரம் தெரியவில்லை. ஓதம் எட்டாத உயரம்தான். தோண்டவில்லை. குச்சிகூட இறக்கவில்லை, குழி எங்கே என்பதை மணல் சிதறிய வட்டத்தை வைத்துக் கணித்ததோடு சரி. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கம்பி வலை, 2க்கு 4 அங்குலக் கண். நாயின் வாய் நுழையாது, குஞ்சு தடையில்லாமல் ஏறி வரும். ஓரங்களை ஓர் அடி கீழே மடக்கிப் புதைத்து, மூலைக்கு ஒரு முளை. மேலே மணல் பரப்பி அடையாளத்தை மறைத்தாயிற்று.

அந்தக் கம்பத்திலிருந்து 140 மீட்டர்.

ஏப்ரல் 10
வலையைச் சுற்றி நாய்த்தடம். உள்ளே இல்லை.

ஏப்ரல் 11
மே கடைசி வாரத்தில் வரும். அதற்குள் தகடு. இன்னொரு தடவை எழுதிக் கொடுக்க வேண்டும்.