திம்பம் ஏறும்போது கொதித்த மாருதி

சித்திரையில் சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. கோபியிலிருந்து தாளவாடிக்கு அப்பா, அம்மாவோடு எங்கள் 1997 மாடல் மாருதி 800-ல் கிளம்பினோம். பண்ணாரி வரை ஒரு குறையும் இல்லை. திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. நானும் முதல் கியரில், ஏசி போட்டபடி அதன் பின்னாலேயே போனேன். டெம்பரேச்சர் ஊசி சிவப்பைத் தொட்டதைக் கவனித்தபோது பானெட் ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது.

அது புலிகள் காப்பகம். யானை நடமாட்டம் உள்ள இடம், வண்டியை விட்டு இறங்கி நிற்கவே பயம். நான் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். மேலிருந்து இறங்கி வந்த ஒரு லாரி டிரைவர் சத்தம் போட்டுத் தடுத்தார். "தொறந்துராதீங்க சாமி, மூஞ்சி வெந்து போயிரும்!" அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த மூடியில் 0.9 என்று எழுதியிருக்கும். அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்து அழுத்தம் இறங்கினால் அதில் ஒரு பங்கு ஒரே நொடியில் ஆவியாகி, கொதிநீரையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். கொதிக்கிற என்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, என்ஜினின் மேல்பகுதியான ஹெட் விரிசல் விட்டுவிடும். முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றித் திரும்பி இறங்கினோம். அம்மா வழி நெடுகப் பேசவே இல்லை.

அடுத்த நாள் பட்டறைக்குப் போனால், "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குங்க?" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்துவைக்கும் வால்வு அது. கூலி 600 ரூபாய். நானும் நம்பினேன். இதை எத்தனையோ பேர் செய்கிறார்கள், தவறு. அது இல்லாவிட்டால் காலையில் என்ஜின் சூடேறவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். கொதிப்புக்கான காரணமோ அப்படியே உள்ளே இருக்கும்.

ஒரு வாரம் ஓடியது. அப்புறம் ஈரோட்டில் மத்தியானம் பன்னீர்செல்வம் பார்க் நெரிசலில் மறுபடி ஊசி ஏறியது. பெருந்துறை ரோட்டில் 60-ல் போகும்போது இறங்கிவிட்டது. நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் முதலில் ஃபேனைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு அது அன்றைக்குத் தெரியவில்லை. பட்டறையிலோ ஃபேனைப் பார்க்காமலேயே, "ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்க, என்ஜின் இறக்கோணும், பன்னெண்டாயிரம் ஆகும்" என்றார்கள். ஹெட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கட்.

நல்லவேளையாக மாமா தடுத்தார். ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது என்று அர்த்தம், அது இல்லை. வண்டி ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தோம். விடாமல் குமிழி வரவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. இந்தச் சோதனையில் தேறினாலே கேஸ்கட் முழுக்க நல்லது என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் இதைக்கூடப் பார்க்காமல் என்ஜினை இறக்கச் சொன்னவரிடம் மறுபடி போக மனம் வரவில்லை.

மாமா அழைத்துப் போனது ரேடியேட்டர் வேலை மட்டும் செய்யும் ஒரு பெரியவரிடம். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கேட்டது ஒரே கேள்வி.

"ஏனுங் தம்பி, இதுக்கு எந்தத் தண்ணிங்க ஊத்தறீங்க?"

"வீட்டு போர்த்தண்ணிதானுங்க."

"எத்தனை அடிங்க?"

"800 அடிங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நம் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீரில் உள்ள உப்பை வெந்நீர்த் தவலையின் அடியில் தினமும் பார்க்கிறோம். அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றிக் காய்ச்சினால் அதே உப்புக்காரை உள்ளே படியும் என்று இத்தனை வருடம் எனக்குத் தோன்றவில்லை. செம்பு ரேடியேட்டர் என்பதால் ஈயப் பற்றை உருக்கி மேல் தொட்டியைக் கழற்றினார். பாதிக்கு மேல் குழாய்கள் சுண்ணாம்பு பூசினாற்போல அடைத்துக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்து, பற்றவைத்து, காற்றடித்துத் தண்ணீரில் முக்கி ஒழுக்கு பார்த்தார். 1,800 ரூபாய். பிளாஸ்டிக் தொட்டி வைத்த புது ரக அலுமினிய ரேடியேட்டருக்கு இந்த வேலை ஆகாது, பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

ஃபேன் விஷயம் அங்கேயே வெளிப்பட்டது. பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீசியன், சூடேறினால் ஃபேனை ஓடவைக்கும் தெர்மோ சுவிட்சின் இரண்டு ஒயரைக் கழற்றி ஒன்றோடொன்று தொடவைத்தார். ஃபேன் சுற்றியது. மோட்டார் நல்லது, சுவிட்ச்தான் செத்திருக்கிறது. 350 ரூபாய். அடைத்த குழாயும் சுற்றாத ஃபேனும் சேர்ந்தால் வண்டி திம்பத்தில் எப்படி ஏறும்?

தெர்மோஸ்டாட் வாங்கத்தான் ஈரோட்டுக்கு இரண்டு நடை அலைந்தேன். முதலில் கொடுத்தது சேரவில்லை. இரண்டாவதில் 82 என்று பொறித்திருந்தது, அது எத்தனை டிகிரியில் திறக்கத் தொடங்கும் என்ற கணக்கு. மாட்டுவதற்கு முன் நூலில் கட்டி, அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்தேன். வாய் திறந்தது, வெளியே எடுத்ததும் மெல்ல மூடியது. புதிது வாங்கினாலும் இப்படிப் பார்த்துவிடுங்கள். பழைய ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது, அதே 0.9-ல் புதிது போட்டேன்.

ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் திரவத்தை டப்பாவை நன்றாகப் படித்து வாங்குங்கள். சிலதில் தண்ணீர் கலந்தே வரும், சிலதில் நாம் கலக்க வேண்டும். நான் பாதிக்குப் பாதி பேட்டரி தண்ணீர், அதாவது உப்பில்லாத காய்ச்சி வடித்த தண்ணீர், கலந்தேன். வடித்தெடுத்த பழைய கூலன்ட்டைத் தோட்டத்தில் ஊற்றிவிடாதீர்கள். அது இனிக்கும்; நாயோ ஆடோ நக்கினால் உயிரே போய்விடலாம்.

எல்லாம் மாட்டியும் முதல் நாள் ஊசி மறுபடி ஏறியபோது அழுகையே வந்துவிட்டது. காரணம் உள்ளே தங்கிய காற்று. வாசல் சரிவில் முன்பக்கம் மேடாக நிற்கவைத்து, என்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டேன். மேல் ஹோஸை அமுக்க அமுக்கக் குமிழி வந்து மட்டம் இறங்கியது. குமிழி நிற்கும்வரை ஊற்றி மூடினேன்.

வைகாசிக் கடைசியில் அப்பா அம்மாவோடு மறுபடி தாளவாடிக்குக் கிளம்பினேன். இந்த முறை பண்ணாரியிலேயே ஏசியை அணைத்துவிட்டேன். அதே ஒன்பதாவது வளைவில் முன்னால் ஒரு கரும்பு லாரி. ஊசி பாதியைத் தாண்டி ஒரு கோடு ஏறியது. கை வேர்த்தது. டக்கென்று ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது, ஊசி இறங்கியது. திம்பம் உச்சியில் வண்டியை நிறுத்தியபோது, "இப்பச் சரியாயிருச்சா கண்ணு?" என்றார் அம்மா.